ஆயாவின் கையெழுத்து எங்கே செல்லும்?

விம்கோ நகரில் ஆயா வீட்டில் வளரும் பிள்ளைகள் அநேகம். அப்பா விபத்தில் போயிருப்பார், அம்மா நோயில் படுத்திருப்பார்; பிள்ளை ஆயாவிடமோ பெரியம்மாவிடமோ வந்து சேரும். சோறு போடவும் காய்ச்சலுக்கு விடிய விடிய விழித்திருக்கவும் யாரும் அனுமதி கேட்பதில்லை. ஒரு படிவம் நீட்டப்படும்போதுதான் கேள்வி வருகிறது: “அப்பா, அம்மா கையெழுத்து வேணும். நீங்க யாரு?”

பள்ளியில் இப்படிக் கேட்டுத் திருப்பி அனுப்பினால் தயங்காமல் பேசுங்கள். 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கான 2009 கல்வி உரிமைச் சட்டம், பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்துப் பராமரிப்பவரையே பாதுகாவலர் என்கிறது. நீதிமன்ற உத்தரவு கட்டாயமில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று சொல்லியும் சேர்க்கையை மறுக்க முடியாது.

மருத்துவமனையிலும் ஆயாவின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. 12 வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காகச் செய்யப்படும் செயலுக்கு, பாதுகாவலரோ பிள்ளையைச் சட்டப்படி பொறுப்பில் வைத்திருக்கும் வேறொருவரோ தரும் சம்மதத்தை குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 27ஆம் பிரிவு ஏற்கிறது. உயிர் காக்கும் அவசரத்தில், சம்மதம் பெற ஆளில்லாத நிலையிலும் நல்லெண்ணத்தோடு சிகிச்சை தரும் மருத்துவருக்கு 30ஆம் பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது.

வங்கியில் நிலைமை வேறு. அங்கே இயற்கைப் பாதுகாவலர் அல்லது நீதிமன்றம் நியமித்தவர்தான் செல்லுபடியாவார். இந்துக்களுக்கான 1956 சட்டம் அப்பாவை முதலில் வைத்து, அவருக்குப் பின் அம்மா என்றது. அப்பா உயிரோடிருந்தும் பிள்ளையைக் கவனிக்காத நிலையில் அம்மாவே பாதுகாவலர் ஆகலாம் என்று எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆயா அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் 10 வயது நிரம்பிய பிள்ளை, வங்கி வகுக்கும் வரம்புக்குள் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்க 2025இல் ரிசர்வ் வங்கி வழிவிட்டிருக்கிறது. உதவித்தொகை வரவேண்டிய வீடுகளுக்கு இது பெரிய விடுதலை.

சொத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். அப்பாவின் வீடோ மனையோ பிள்ளை பெயருக்கு வந்திருந்தால், வளர்க்கிறோம் என்ற ஒரே காரணத்துக்காக ஆயாவோ மாமாவோ அதை விற்கவும் முடியாது, அடமானம் வைக்கவும் முடியாது. இயற்கைப் பாதுகாவலரான அம்மாவுக்கே நீதிமன்ற அனுமதி தேவை. பிள்ளையின் படிப்புக்காகத்தான் விற்றோம் என்ற நல்லெண்ணமும் இந்த இடத்தில் கைகொடுக்காது. முத்திரைத்தாளில் “இனி பிள்ளை இவர்கள் பொறுப்பு” என்று எழுதி வாங்குவதாலும் யாரும் சட்டப்பூர்வப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. அந்தத் தாளை நம்பிப் பிள்ளையைக் கைமாற்றுவது எனக்கு மிகவும் அச்சம் தருகிறது. சட்ட நடைமுறையை மீறிய தத்துக்கு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

ஆதரவில்லாத பிள்ளைக்கு முதல் வாசல் குழந்தைகள் நலக் குழு. விம்கோ நகர் அடங்கிய திருவொற்றியூர் வட்டம் 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டதால் சென்னையில்தான் அணுக வேண்டும். பிள்ளையை உண்மையில் பொறுப்பில் வைத்திருப்பவரைக் குழு தன் விசாரணையில் பாதுகாவலராக ஏற்க 2015 இளைஞர் நீதிச் சட்டம் இடம் தருகிறது. போனால் பிள்ளையை ஹோமில் போட்டுவிடுவார்கள் என்ற பயம் நம் தெருக்களில் உண்டு. அதே சட்டம், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்கிறது. நகர்ப்புறத்தில் ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்குள் இருக்கும் தகுதியுள்ள குடும்பங்களுக்கு மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டம் வழியாக மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். தமிழக அரசு 2025இல் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய்.

உறவல்லாத குடும்பம் குழுவின் உத்தரவோடு வளர்ப்புப் பராமரிப்புக்கு எடுக்கும்போது, அன்றாடப் பொறுப்பு அவர்களுடையது. பெற்றவர்களின் உரிமை அதனால் அற்றுப்போவதில்லை; பெரிய முடிவுகளைக் குழுவிடம் கேட்டே எடுக்க வேண்டும்.

பிள்ளையின் பணம், சொத்து, உறவினர் தகராறு என்று வந்தால் 1890ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின்படி நீதிமன்றத்தில் மனுப் போடுவதே உறுதியான வழி. எந்த மதத்தவரும் போடலாம். வக்கீல் கட்டணத்துக்கு அஞ்ச வேண்டாம்: பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு, அதற்கு 15100ஐ அழையுங்கள்.

பெற்றோரின் இறப்புச் சான்றிதழ், பிள்ளையின் ஆதார், பள்ளிச் சான்று ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வையுங்கள். சண்டை வரும்வரை காத்திருக்காமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லை.