சர்வருக்கும் வியர்க்கும்! டேட்டா சென்டர்களில் ஈரப்பதத்தை கட்டுப்படுத்துவது எப்படி?

சென்னை:

ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பது, ஆன்லைனில் ரெயில் டிக்கெட் போடுவது என எல்லாவற்றுக்கும் பின்னால் டேட்டா சென்டர்கள் 24 மணி நேரமும் ஓடிக்கொண்டு இருக்கின்றன. கடலுக்கு அடியில் வரும் இன்டர்நெட் கேபிள்கள் சென்னையில் கரையேறுவதால் அம்பத்தூர், சிறுசேரி பகுதிகளில் இவை பெருகிவிட்டன.

இங்குள்ள சர்வர்களுக்கு சூடு மட்டும் எதிரி அல்ல. ஈரக்காற்றும் எதிரிதான்.

ஏ.சி. மட்டும் போதாது

'ஏ.சி.யை இன்னும் குறைச்சு வெச்சா எல்லாம் சரியாயிடும்' என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பிரிட்ஜில் இருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வியர்ப்பது போல, குளிர்ந்த சர்வரும் வெளிக்காற்று பட்டால் வியர்க்கும்.

30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 26 டிகிரி அல்லது அதற்கு குறைவாக உள்ள இரும்பில் பட்டாலே நீர்த்துளியாக மாறிவிடும். சென்னையில் இந்த புழுக்கம் சர்வ சாதாரணம்.

உள்ளே வந்த 'மேகம்'

2011-ம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் பிரைன்வில்லில் உள்ள பேஸ்புக் டேட்டா சென்டரில், குளிரூட்டும் அமைப்பின் கட்டுப்பாடு தடுமாறியது. 95 சதவீதத்துக்கு மேல் ஈரமான காற்று சர்வர்களை சூழ்ந்தது. பவர் சப்ளைகள் 'பட் பட்' என்று பழுதாகி, பல சர்வர்கள் நின்றுபோயின.

கறுக்கும் கொலுசு

சாக்கடை வாயுவில் உள்ள கந்தகம் பட்டால் வெள்ளிக்கொலுசு கறுத்துப்போகும். சர்வருக்குள் இருக்கும் வெள்ளி, செம்பு இணைப்புகளுக்கும் இதே கதிதான். ஈரப்பதம் கூடினால் அரிப்பும் கூடும். கடற்காற்றின் உப்பும் தூசியும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் மின்கசிவு ஏற்படலாம்.

அதற்காக காற்றை ஒரேயடியாக உலர வைக்கவும் கூடாது. வறண்ட காற்றில் உடம்பில் நிலை மின்சாரம் சேரும். சுமார் 3 ஆயிரம் வோல்ட் இருந்தால்தான் நமக்கு 'சுரீர்' என்று தெரியும். சில சிப்புகள் 100 வோல்ட்டிலேயே போய்விடும்.

என்ன செய்ய வேண்டும்?

அமெரிக்க பொறியாளர் அமைப்பான ஆஷ்ரே, சர்வருக்குள் செல்லும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்கிறது. காற்றில் உள்ள ஈரம் நீராக மாறத்தொடங்கும் வெப்பநிலை 15 டிகிரியை தாண்டக்கூடாது என்பதும் அதன் பரிந்துரை.

இதற்காக இரட்டை கதவு வைக்கிறார்கள். கேபிள் நுழையும் ஓட்டைகளை அடைக்கிறார்கள். ஈரம் நீக்கி, வடிகட்டிய காற்றை உள்ளே சற்று அழுத்தத்துடன் நிரப்புகிறார்கள். இதனால் வெளிக்காற்று உள்ளே நுழையாது.

சிறிய அலுவலகங்களின் சர்வர் அறைக்கும் இது பொருந்தும். கரண்ட் பில்லை மிச்சப்படுத்த ஓடும் சர்வர் அறையில் இரவில் ஏ.சி.யை நிறுத்துவது, ஜன்னலை திறந்து வைப்பது இரண்டும் ஆபத்து. குளிர்ந்த இடத்தில் இருந்து கொண்டுவந்த புது சர்வரின் பெட்டியையும் உடனே பிரிக்காமல், அறை வெப்பத்துக்கு வந்த பிறகு பிரிப்பதே நல்லது.

சில நூறு ரூபாய்க்கு கிடைக்கும் ஈரப்பத மீட்டரை சர்வரின் முன்பக்கம் மாட்டி வைத்தால், பல லட்ச ரூபாய் எந்திரத்தை காப்பாற்றலாம்.