டாப்சிலிப் தேக்கு மரங்கள் சொல்லும் பாடம்

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, சேத்துமடை வழியாக மலையேறினால் டாப்சிலிப் வரும். ஆனைமலை புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதி இது. இங்குக் களப்பயணம் வரும் மாணவர்கள், யானையோ காட்டுமாடோ கண்ணில் படாவிட்டால் "ஒன்றுமே பார்க்கலை, சார்" என்று சொல்வதுண்டு. விலங்கு வராத நாளிலும் அங்கே கற்பதற்கு மரங்கள் இருக்கின்றன.

அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் குடும்பத்துடன் சென்றிருந்தேன். ஆள் நடமாட்டம் குறைந்த காலை வேளை. தேக்குச் சருகு காலடியில் நொறுங்கும் ஓசை மட்டும் கேட்டது. ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள், "இந்த மரமெல்லாம் ஏன் ஒரே பருமனா, வரிசையா நிக்குது?" என்று கேட்டாள்.

அதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பம்பாய்க் கப்பல் கட்டும் தளங்களுக்காக இம்மலையின் தேக்கு வெட்டப்பட்டது. வெட்டிய மரங்களை மேட்டிலிருந்து சரிவில் நழுவவிட்டதால்தான் இவ்விடத்துக்கு இந்தப் பெயர். வளர்வதைவிட வேகமாக வெட்டியதால் காடு அழிந்துவந்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குப் பணியாற்றிய வன அலுவலர் ஹியூகோ வுட், அடிமரத்தை வேருடன் விட்டுவைத்து வெட்டும் முறையைக் கொண்டுவந்தார். அந்த அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். நம் பகுதிப் பிள்ளைகளுக்கு மறுதாம்புக் கரும்பைச் சொன்னாலே இது புரிந்துவிடும். தேக்கு விதைகளையும் அவர் ஏராளமாக ஊன்றினார். 1933இல் மறைந்த அவருடைய கல்லறை, அவர் விரும்பியபடியே இக்காட்டில் இருக்கிறது.

ஒரே காலத்தில் நடப்பட்டவை ஒரே பருமனில் நிற்கின்றன. இயற்கைக் காட்டில் முதுமரம், இளமரம், புதர், கொடி எனப் பல அடுக்குகள் இருக்கும். பல உயிர்களுக்கு உணவும் உறைவிடமும் கிடைக்கும். ஒரே இன மரங்கள் நிறைந்த தோட்டத்தில் அந்த வளம் குறைவு. எனவே மரம் நடுவது நல்லது. இருக்கும் காட்டைக் காப்பது அதனினும் முதன்மையானது.

இதைப் பள்ளி வளாகத்திலேயே தொடங்கலாம். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் மரத்தைச் சுற்றி நூலால் அளக்கச் சொல்லுங்கள். சுற்றளவு 157 செ.மீ. என்றால், 3.14ஆல் வகுக்க விட்டம் 50 செ.மீ. டாப்சிலிப்பைக் கடந்து செல்லும் பரம்பிக்குளத்தில், கோடரிக்குத் தப்பிய கன்னிமரா தேக்கின் சுற்றளவு ஏறத்தாழ 7 மீட்டர். அதன் விட்டத்தை மாணவர்களே கணக்கிடட்டும். எத்தனை பேர் கைகோத்தால் அதைச் சுற்றி நிற்கலாம் என்று வகுப்பறையில் நின்றும் பார்க்கட்டும்.

காட்டுக்குள் செல்லும்போது பத்து நிமிடம் பேசாமல் நடக்கப் பழக்குங்கள். கண்டதையும் கேட்டதையும் குறிப்பேட்டில் எழுதச் சொல்லி, கூடவே ஒரு கேள்வியையும் கேளுங்கள்: "இந்த மரம் தானாக வளர்ந்ததா, யாரேனும் நட்டதா? எப்படிச் சொல்கிறாய்?"