கூரை வெட்டிய கார்கள்

ஒரு காலத்தில் ஜெயங்கொண்டம் பக்கத்தில் கல்யாணம் நிச்சயமானால் மண்டபம், சமையல்காரர், மேளம் என்று பேசிக்கொண்டு வரும்போதே “ஓப்பன் கார் சொல்லியாச்சா?” என்ற கேள்வியும் வந்துவிடும். உள்ளூரில் கார் அமையாவிட்டால் அணைக்கரை தாண்டிக் கும்பகோணத்துக்கோ, மேற்கே திருச்சிக்கோ ஆள் அனுப்புவார்கள். ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக் காசு கையில் புரளும் சித்திரை, வைகாசி முகூர்த்தங்களில் ஒரே காருக்கு இரண்டு வீட்டார் மல்லுக்கு நிற்பதும் உண்டு. முன்னால் நாதஸ்வரம், இரண்டு பக்கமும் தலையில் சுமந்து வரும் பெட்ரோமாக்ஸ் விளக்குகள், நடுவில் பூச்சரம் சுற்றிய காரின் பின்சீட்டில் மாலையோடு மாப்பிள்ளை, அவரைச் சுற்றி ஏறிக்கொண்ட வாண்டுகள். வாசலில் நிற்கிற ஆயா முதல் மாடியில் நிற்கிற பிள்ளை வரை எல்லோருக்கும் மாப்பிள்ளை முகம் தெரியும். அந்த ஊர்வலமே அதற்குத்தான்.

அப்படி ஒரு கூரையில்லாத கார் கம்பெனியிலிருந்து நமக்கு எளிதில் கிடைத்ததில்லை. 1950களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்தியாவில் கார் கோப்பதை விட்டுவிட்டுப் போன பிறகு, நம் சாலைகளில் ஓடியவை பெரும்பாலும் மூன்றே வகைக் குடும்பக் கார்கள்: இந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசிடர், பம்பாய் பிரீமியர் கம்பெனியின் ஃபியட், சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் இந்தப் பழைய வண்டிகளின் மவுசு குறையத் தொடங்கியது. வீட்டு ஓரத்தில் துருப்பிடித்து நின்ற கார் பட்டறைக்குப் போய், கூரையை இழந்து, கல்யாண வாடகை வண்டியாகத் திரும்பி வந்தது. கல்யாணம் இல்லாத நாளில் தேர்தல் ஊர்வலத்துக்கும் அதே கார்தான்.

கூரையை வெட்டுவது ஹாக்ஸா பிளேடு பிடிக்கத் தெரிந்தவர் எல்லாம் செய்துவிடுகிற வேலை அல்ல. அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் தனியாகச் சேஸ் கிடையாது. தரை, பக்கம், தூண், கூரை எல்லாம் சேர்ந்துதான் வண்டியின் பலம். மூடியை எடுத்த அட்டைப் பெட்டியை இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள், கூரை போன ஃபியட்டுக்கு நடப்பது புரியும். விவரம் தெரிந்த டிங்கர் முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கதவுத் தூண்களுக்குக் குறுக்கே தற்காலிகமாக இரும்பு ஆங்கிள் வைத்து வெல்டிங் அடிப்பார். கதவுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டத்தோடு நீளவாக்கில் ஒரு சேனலைச் சேர்ப்பார். முன்சீட்டுக்குப் பின்னால் தரையில் இன்னொரு குறுக்குச் சட்டம் போகும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கூரையில் கை வைப்பார். முன்கண்ணாடிச் சட்டத்தை விட்டுவிட்டு மற்றத் தூண்களை இடுப்பளவுக்கு அறுத்து, அறுத்த விளிம்பை உள்பக்கம் மடக்கித் தட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடிப்பார். பின்சீட்டைப் பலகை வைத்து அரையடி உயர்த்தி ரெக்சின் தைத்துவிட்டால் மாப்பிள்ளை எடுப்பாகத் தெரிவார்.

வேலை சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. பின்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, அந்த நிலையிலேயே கதவைத் திறந்து மூட வேண்டும். கதவு இறுகினாலோ, பூட்டு தன் குழியில் விழாமல் நின்றாலோ, பாடி தொய்ந்துவிட்டது என்று பொருள். அவசரத்தில் வெட்டிய வண்டிகளில் கதவை நிரந்தரமாக வெல்டிங் வைத்து மூடியிருப்பார்கள். அந்தக் கார்களில் மாப்பிள்ளையைத் தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டும். அதை நான் நல்ல வேலை என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஹெரால்டின் கதை வேறு. டிங்கர்களுக்குப் பிடித்த வண்டி அது. அதற்குத் தனிச் சேஸ் உண்டு, கூரையைப் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். காரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்குப் பாடி செய்து தந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுப் பாடியையும் ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லாமல், பல இடங்களில் செய்த துண்டுகளைச் சேஸ் மேல் முடுக்குகிற மாதிரி 1959இல் ஹெரால்டை வடிவமைத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் அந்த வண்டி சென்னைக்கு வந்தது. எங்கோ நடந்த கம்பெனித் தகராறின் பலனாக, இங்கே ஒரு டிங்கர் ஸ்பேனரை வைத்துக்கொண்டே கூரையைக் கழற்ற முடிந்தது. ஊர்வலம் முடிந்ததும் திரும்ப மாட்டிவிடவும் முடிந்தது.

“ஓப்பன் கார் சொல்லியாச்சா?” என்று இன்று கல்யாண வீட்டில் யாரும் கேட்பதில்லை. வாடகைக்குக் குதிரை பூட்டிய சாரட்டு வருகிறது, சீரியல் விளக்கு பளபளக்க. வசதியுள்ளவர்கள் 2020இல் வந்த புதிய மஹிந்திரா தாரில் துணிக்கூரை மாடலைத் தேடிப் பிடிக்கிறார்கள். மற்றவர்களுக்குச் சன்ரூஃப். நண்பரின் காரை வாங்கி, பொண்ணும் மாப்பிள்ளையும் அந்தச் சதுர ஓட்டையில் இடுப்புக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்க, ட்ரோன் மேலே பறந்து படம் எடுக்கிறது. பின்சீட்டில் அமர்ந்து ஊரைப் பார்த்தபடி மெதுவாகப் போனதை விட, ஓடும் காரில் பிடிமானமில்லாமல் இப்படி நிற்பதுதான் எனக்கு அதிகப் பயம் தருகிறது.

சாலையும் பழைய சாலை அல்ல. திருச்சி–சிதம்பரம் சாலை அகலமாகிவிட்டது. அரியலூர்ச் சிமெண்டு ஆலை லாரிகள் போகிற வேகத்துக்கு நடுவில், கூரையில்லாத அறுபது வயதுக் கார் ஊர் விட்டு ஊர் போய்ச் சேர்வது நினைத்துப் பார்க்கவே கஷ்டம்.

ஆனால் ஓப்பன் காரை மூலையில் உட்கார வைத்ததில் பெரும்பங்கு சட்டத்துக்குத்தான். ஆர்.சி. புத்தகத்தில் பாடி வகை என்ற இடத்தில் ‘சலூன்’ என்று இருக்கும். நிற்கிற வண்டியோ சலூன் இல்லை. முன்பு ஆர்.டி.ஓ.விடம் தெரிவித்து ஒப்புதல் வாங்கி மாற்றத்தைப் பதிந்துகொள்ள வழி இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் 2000ஆம் ஆண்டு வந்த திருத்தம் அந்த வழியை மிகவும் குறுக்கியது. கேரளத்து வழக்கு ஒன்றில் 2019 ஜனவரி 9 அன்று தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறித்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தத்தின்படி, அப்படி மாற்றும் உரிமையாளருக்கு மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சட்டம் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. கதவை வெல்டிங் வைத்து மூடிய வண்டியை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் சேனல் வைத்து, சோதித்து, பொறுப்பாகச் செய்த வேலையும் இதுவும் ஒரே தட்டில் நிறுக்கப்படுவதைத்தான் என்னால் ஒப்ப முடியவில்லை. இங்கிலாந்தில் கிரேஃபோர்டு என்ற சிறு நிறுவனம் 1960களில் குடும்பக் கார்களின் கூரையை வெட்டுவதையே தொழிலாகக் கொண்டிருந்தது. 1966இல் ஹெயின்ஸ் உணவுக் கம்பெனி நடத்திய போட்டிக்குப் பரிசாக 57 வோல்ஸ்லி ஹார்னெட் கார்களை அப்படி மாற்றிக் கொடுத்தது. இன்றும் அந்த நாட்டில் பாடியையே வெட்டி மாற்றியவர், தனி வண்டிக்கான சோதனையில் தேறினால் அதைச் சாலைக்குக் கொண்டு வரலாம். சோதனை கடுமையாக இருக்கட்டும், ஊர்வல வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று நிபந்தனையும் இருக்கட்டும். தேறுவதற்கு வாய்ப்பாவது நம் டிங்கர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும். கைவேலை தெரிந்த அவர்களுக்கு இன்று மிஞ்சியது, இடிபட்ட கதவைக் கழற்றிப் புதுக் கதவை மாட்டுவது.

இன்னொரு திருப்பமும் நடந்திருக்கிறது. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வயது தாண்டிய கார்களை ‘விண்டேஜ்’ என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், ‘வி.ஏ.’ எழுத்துகளோடு தனி நம்பர், பத்து ஆண்டு செல்லுபடி. வண்டி பிறந்த வடிவிலேயே இருக்க வேண்டும், சேஸிலோ பாடியிலோ பெரிய மாற்றம் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது. அறுக்காமல் கிடந்த ஃபியட்டுக்கு இது மரியாதை. அறுத்த ஃபியட்டுக்கு இந்தக் கதவும் மூடியது.

அதனால் உடையார்பாளையம், மீன்சுருட்டி என்று எங்கள் வட்டாரத்தில் பழைய கார் வைத்திருப்பவர்களிடம் நான் சொல்வது இரண்டு. கூரையோடு இருக்கிற வண்டியை இனிமேல் வெட்டாதீர்கள், முழுசாக மிஞ்சியவை ரொம்பக் குறைவு. ஏற்கெனவே வெட்டியதை எடைக்குப் போடாதீர்கள். சாலையில் ஓட வேண்டாம், கொட்டகையில் நிற்கட்டும். யார் வெட்டினார், எந்தப் பட்டறை, எந்த ஆண்டு, எந்தெந்தக் கல்யாணத்துக்குப் போனது என்று எழுதி ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். ஊர்வலப் போட்டோ இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள்.