மிஞ்சும் மரக்கறி முதலாகுமா?

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என எந்தச் சந்தைக்குப் போனாலும் மாலையில் ஒரே காட்சிதான். கோவாவின் வெளி இலைகள், மஞ்சளான கீரைக்கட்டு, உடைந்த பூசணி, முற்றிய வெண்டி எல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். தம்புள்ளையிலிருந்து லொறி வந்திறங்கும் நாளில் குவியல் இன்னும் பெரிதாகும். காசு கொடுத்து வாங்கிய பொருள் குப்பையாகிறது. அதே ஊரில் கோழி வளர்ப்பவரோ தீன் விலையை நினைத்துத் தலையில் கை வைக்கிறார். இந்த இரண்டு பேரையும் சேர்த்து வைத்தால் இருவருக்கும் இலாபம் வராதா?

வரும். ஆனால் கணக்குத் தெரிந்து இறங்க வேண்டும்.

2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. சோளம் தட்டுப்பாடானது. 2022 இல் டொலர் நெருக்கடியும் சேர, தீன் விலை எகிறியது. பண்ணைகள் பல கோழிகளைக் குறைத்தன. அவ்வாண்டு ஓகஸ்டில் முட்டைக்கு உச்ச விலை விதிக்கப்பட்டது. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதியாயிற்று. தீனுக்கு வெளியாரை நம்பியிருப்பவன் எவ்வளவு பலவீனமானவன் என்பதை அந்த இரண்டு வருடங்கள் காட்டிவிட்டன.

கணக்கைப் பாருங்கள்

முட்டையிடும் கலப்பினக் கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீன் தின்னும். 10 கோழிக்கு மாதம் 33 கிலோ. அந்தப் பத்துக்கும் தினமும் ஒரு கிலோ பச்சை இலை போடுகிறீர்கள் என்று வைப்போம். இலையில் 100 க்கு 90 பங்கு தண்ணீர்தான். மாதம் 30 கிலோ இலை போட்டாலும் மிச்சமாகும் தீன் சுமார் 3 கிலோ மட்டுமே.

எனவே வியாபாரிகள் ஒன்றை மனதில் வைக்கவும். ஒரு கிலோ இலையின் தீவனப் பெறுமதி 100 கிராம் தீனுக்கு மேல் போகாது. தீன் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுத்து இலை வாங்கினால் நட்டம். ஓட்டோ வாடகையும் அதற்குள் அடங்க வேண்டும். பக்கத்துச் சந்தை இலை இலாபம் தரும். தூரத்துச் சந்தை இலை தராது.

கிழங்கின் கதை வேறு. மரவள்ளி, வத்தாளைக் கிழங்குகளில் தண்ணீர் குறைவு, மாச்சத்து அதிகம். விற்காமல் நின்ற கிழங்கை அவித்து, படுவான்கரை ஆலைத் தவிட்டுடன் பிசைந்து போட்டால் தீன் உண்மையாகவே மிச்சமாகும்.

எதை நிறுத்தக் கூடாது?

தீனை முற்றாக நிறுத்தி மரக்கறியை மட்டும் போட்டால் சில வாரங்களில் முட்டை குறைந்துவிடும். முட்டைக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். மீன் தலை, குடலை நன்றாக அவித்து அளவாகக் கொடுக்கலாம். கூடினால் முட்டையில் மீன் வாடை அடிக்கும். வாவிக் கரையில் கிடைக்கும் மட்டி ஓட்டைக் கழுவிக் காயவைத்து, இடித்துத் தனிச் சட்டியில் வைத்தால் ஓடு உறுதியாகும். காய்ந்த முருங்கை இலையும் நல்ல புரதம்.

எதைப் போடக் கூடாது?

பூஞ்சணம் பிடித்த எதையும் போடாதீர்கள். அது ஈரலைக் கெடுக்கும். பச்சை நிறமான உருளைக்கிழங்குத் தோல், பச்சை மரவள்ளி இலையும் தோலும், அவிக்காத காய்ந்த அவரை விதை, ஆனைக்கொய்யாத் தோலும் விதையும் ஆகாது. மருந்தடித்த தோட்டத்து மரக்கறியை உரிய நாள் கழியாமல் எடுக்க வேண்டாம். தின்று மிஞ்சியதை மாலையில் அள்ளிவிடுங்கள்; இல்லையேல் எலி குடியேறும்.

வியாபாரம் எங்கே?

தீனில் மிச்சம் சிறிதுதான். பெரிய ஆதாயம் வேறிடத்தில் இருக்கிறது. பச்சை இலை தின்னும் கோழியின் முட்டையில் மஞ்சட்கரு நல்ல நிறமாக வரும். ஊர் முட்டை தேடி வருபவர் உடைத்துப் பார்ப்பது அதைத்தான்.

மரக்கறிக் கடைக்காரர் மாலையில் பொருளை மூன்றாகப் பிரிக்கலாம்: விலை குறைத்து விற்பது, கோழிக்கு, பசளைக்கு. இரண்டாவது சாக்கைப் பக்கத்து வளவுக்காரருக்குக் கொடுத்துக் கிழமைக்கு இத்தனை முட்டை என்று பேசிக்கொள்ளலாம். காசு கை மாற வேண்டியதில்லை. ஆனால் பேச்சைக் கொப்பியில் எழுதி வையுங்கள். அயலுக்குள் மனக்கசப்பு வராது.

முதலில் 10 கோழியுடன் தொடங்குங்கள். ஒரு மாதம் தீன் நிறையையும் முட்டை எண்ணிக்கையையும் தினமும் குறியுங்கள். கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள். ஒரு நோய் வந்தால் சேமித்ததெல்லாம் ஒரே நாளில் போய்விடும். மாத முடிவில் கொப்பி இலாபம் காட்டினால் கூட்டுங்கள். காட்டாவிட்டால் அந்த 10 கோழி வீட்டுத் தேவைக்குப் போதும்.