முத்துராமலிங்கத் தேவர்: 1939, 1957 இரண்டையும் ஏன் சேர்த்தே படிக்கணும்?

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றாலே ஆண்டாள் கோபுரமும் பால்கோவாவும்தான் நினைவுக்கு வரும். 1952-ல் காமராஜரையும், 1957-ல் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரையும் மக்களவைக்கு அனுப்பியதும் இதே தொகுதிதான். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டும் அப்போது பழைய ராமநாதபுரம் மாவட்டம்.

தேவர் 1963 அக்டோபர் 30-ல், தன் பிறந்தநாளிலேயே மறைந்தார். 60 வருஷம் தாண்டியும் அவரைப் பற்றிய வாதம் ஓயவில்லை. ஏன்?

வரவுப் பக்கம்

தேவர் முருக பக்தர், திருமணம் செய்துகொள்ளாதவர். தேசியமும் தெய்வீகமும் இரு கண்கள் என்பது அவருடைய அரசியல். 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று ராமநாதபுரம் ராஜாவையே தோற்கடித்தார். பிறகு சுபாஷ் சந்திர போஸின் ஃபார்வர்டு பிளாக்கில் சேர்ந்தார்.

பிறப்பை வைத்தே ஒருவரைக் குற்றவாளியாகப் பதிவு செய்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து அவர் போராடினார். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல் ஒழிந்தது. 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றபோது, தேவர் அவர் பக்கம் நின்றார்.

1957-ல் நடந்தது என்ன?

தேர்தலுக்குப் பிறகு முதுகுளத்தூர் வட்டாரத்தில் மறவர்களுக்கும் பள்ளர்களுக்கும் மோதல். செப்டம்பர் 10-ல் கலெக்டர் கூட்டிய அமைதிப் பேச்சில் தேவரும் கலந்துகொண்டார், பட்டியல் சமூகத் தலைவர் இமானுவேல் சேகரனும் கலந்துகொண்டார். மறுநாளே பரமக்குடியில் இமானுவேல் கொல்லப்பட்டார். வயது 32. செப்டம்பர் 14-ல் கீழத்தூவலில் போலீஸ் சுட்டு மறவர்கள் 5 பேர் இறந்தார்கள். தொடர்ந்த கலவரத்தில் இரு பக்கமும் உயிர்கள் போயின.

கைதான தேவரை 1959-ல் கோர்ட் விடுவித்தது. சட்டப்படி அவர் குற்றவாளி இல்லை, அதில் மறுபேச்சு கிடையாது. ஆனால் கொலையில் பங்கு உண்டா என்பது ஒரு கேள்வி. சமமாக உட்கார்ந்து பேச வந்த பட்டியல் சமூகத் தலைவரை அவருடைய அரசியல் எப்படி எதிர்கொண்டது என்பது வேறு கேள்வி. முதலாவதுக்குத்தான் கோர்ட் பதில் சொன்னது.

ஏன் எடைபோட முடியவில்லை?

ஒரு காரணம், குருபூஜை. அது மகான்களுக்கு எடுப்பது. தலைவர் தெய்வமானதும் கேள்வி கேட்பது நிந்தனையாகிவிடுகிறது. எதிர்ப்பக்கம் செப்டம்பர் 11-ல் பரமக்குடியில் இமானுவேல் நினைவு நாள். இரண்டுக்கும் போலீஸ் குவிப்பு. 2011-ல் பரமக்குடி துப்பாக்கிச்சூடும் அந்த செப்டம்பர் 11-ல்தான் நடந்தது.

பெயர் விவகாரமும் சாதாரணமில்லை. 1997-ல் விருதுநகரில் தொடங்கிய போக்குவரத்துக் கழகத்துக்கு தேவேந்திர குலத்தைச் சேர்ந்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்ததும் எதிர்ப்பும் கலவரமும் வெடித்தன. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே அரசு எடுத்துவிட்டது.

இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பட்டியல் சமூகத்தினருக்கான தனி சட்டமன்றத் தொகுதி. அதுவும் ராஜபாளையமும் அடங்கிய தென்காசி மக்களவைத் தொகுதியும் தனித் தொகுதிதான். 1957-ல் எது தகராறாச்சோ, அதுவே இன்று இங்கே சட்டம்.

கோயில் கதவு திறந்த 1939-ஐ மட்டும் சொன்னால் பாதிக் கதை. 1957-ஐ மட்டும் சொன்னாலும் பாதிதான். சாமியைக் கும்பிடலாம். தலைவரைக் கணக்குப் பார்த்துத்தான் ஆகணும்.