விரும்பிய அலைவடிவத்தை அமைத்தலும் சேமித்தலும்

1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடிற்று. துறைமுகக் கிளைப்பாதையில் வடாலா வழியே சென்ற அவ்வண்டிக்கு 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம் அளிக்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டில் இப்பாதை 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்துக்கு மாற்றப்பட்டது. வடாலா ரோடு நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும் பிரயாணிக்கு இதனால் வேறுபாடு ஒன்றும் தோன்றாது. தண்டவாளத்துக்கோ இது பெரிய மாறுதல். வண்டியை இயக்கிய மின்னோட்டம் திரும்பிச் செல்வதற்குத் தண்டவாளமே வழியாகும்.

அதே தண்டவாளம் வேறொரு வேலையையும் செய்கிறது. பாதையின் ஒரு பகுதியில் ஒரு முனையிலிருந்து சிறு மின்னோட்டம் செலுத்தப்படும். மறுமுனையில் ஏற்பி ஒன்று அதைப் பெறும். வண்டி வந்தவுடன் அதன் சக்கரங்களும் அச்சுகளும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடுவதால் ஏற்பிக்கு மின்னோட்டம் எட்டாது, கைகாட்டி சிவப்பாகும். 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஓடும் பாதையில் இவ்வேலைக்குப் பெரும்பாலும் கேள் அதிர்வெண்கள் பயன்படுத்தப்படுகின்றன. ஆனால் தற்கால வண்டிகளின் மின்னணு இயக்கிகள் பல்வேறு அதிர்வெண்களைத் தண்டவாளத்தில் கலக்கவல்லவை. வண்டி நிற்கும் பகுதியில் அந்நிய மின்னோட்டத்தை ஏற்பி தன்னுடையதென்று கொண்டுவிட்டால், பாதை காலியென்று தவறாகக் காட்டும். இத்தகைய கலப்பை ஏற்பி தாங்குமா என்பதைப் பரிசோதனை மேசையிலேயே அறிய உதவுவது, விரும்பிய அலைவடிவத்தைத் தரும் சிக்னல் ஜெனரேட்டராகும். இதனை இங்கு அலை ஆக்கி என்போம்.

இக்கருவியின் நினைவகத்தில் அலையின் ஒரு சுற்று எண்களின் வரிசையாக வைக்கப்படுகிறது. அவ்வெண்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து மின்னழுத்தமாக மாற்றி, இறுதியை அடைந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. 14 பிட் கருவியாயின் ஒவ்வோர் எண்ணும் 16,384 படிகளுள் ஒன்றைக் குறிக்கும். எண்களை எக்செல் போன்ற கணக்கு நிரலில் கணித்துப் பென் டிரைவ் மூலம் கருவிக்குள் ஏற்றலாம்.

50 ஹெர்ட்ஸ் அலையுடன் 1,700 ஹெர்ட்ஸ் அலையைக் கலக்க வேண்டுமெனக் கொள்வோம். 50 ஹெர்ட்ஸின் ஒரு சுற்று 20 மில்லிசெகண்டு. அதற்குள் மற்றதில் சரியாக 34 சுற்றுகள் அடங்கும். முடிவும் தொடக்கமும் பொருந்தும். வேண்டியது 1,710 ஹெர்ட்ஸாயின் 34.2 சுற்றுகள் வரும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அலை துள்ளும். நாம் கேளாத அதிர்வெண்கள் அத்துள்ளலில் பிறக்கும். எனவே வரிசையை 100 மில்லிசெகண்டாக நீட்ட வேண்டும்: 50 ஹெர்ட்ஸுக்கு 5 சுற்றுகள், 1,710 ஹெர்ட்ஸுக்கு 171 சுற்றுகள். இப்பொழுது கருவியின் முகப்பில் இடவேண்டிய அதிர்வெண் 50 அன்று, 10 ஹெர்ட்ஸ். புதிதாய்ப் பழகுவோர் பலர் தடுமாறும் இடம் இதுவே.

வீச்சிலும் கவனம் வேண்டும். முதல் அலையின் வீச்சு 1, இரண்டாவதன் வீச்சு 0.1 எனில் கூட்டலின் உச்சம் ஏறத்தாழ 1.1 ஆகும். எல்லா எண்களையும் 1.1-ஆல் வகுத்து எல்லைக்குள் கொணராவிடில் அலையின் தலை வெட்டுண்டு போகலாம். வகுத்தபின், முதல் அலைக்கு 1 வோல்ட் வீச்சுக் கிடைக்க, முகப்பில் உச்சத்திலிருந்து உச்சம் வரை 2.2 வோல்ட் என்று இடவேண்டும்.

இனிச் சேமித்தல். ஏற்றிய வடிவம் பல கருவிகளில் தற்காலிக நினைவகத்தில்தான் தங்கும். மின்சாரம் நின்றால் மறைந்துவிடும். நிலையான நினைவகத்தில் பெயரிட்டு வைத்தல் வேண்டும். "டெஸ்ட் 1" என்னும் பெயர், வைத்தவருக்கே மறுவாரம் பொருள்படாது. ஆயினும் வடிவத்தைச் சேமித்ததால் சிக்னலைச் சேமித்ததாகிவிடாது. அதிர்வெண், வீச்சு, வெளியீட்டுச் சுமை ஆகிய அமைப்புகள் தனியே சேமிக்கப்பட வேண்டியவை. மேற்கூறிய வடிவத்தை வேறொருவர் எடுத்து, வழக்கம்போல் 50 ஹெர்ட்ஸ் என்று இட்டால், 1,710 என்பது 8,550 ஹெர்ட்ஸாகிவிடும். ஏற்பி அதற்கு அசையாது. பரிசோதனையில் தேறியதாகவே எழுதிவிடுவர்.

சுமையைப் பற்றிய பிழை இதனினும் நுட்பமானது. பொதுவாக அலை ஆக்கியின் உள்தடை 50 ஓம். சுமை மிக உயர்ந்தது என்று கருவிக்கு அறிவித்துவிட்டு, உண்மையில் 50 ஓம் சுமையை இணைத்தால், முகப்பில் 1 வோல்ட் எனக் காட்டும்போது வெளியே கிடைப்பது அரை வோல்ட்தான். அரை வோல்ட்டைத் தாங்கிய ஏற்பி ஒரு வோல்ட்டைத் தாங்கியதாகப் பதிவாகும். மாறாக, 50 ஓம் என்று அறிவித்து உயர்தடையில் இணைத்தால் இருமடங்கு கிடைக்கும். அப்பொழுது நல்ல ஏற்பியும் வீணே தள்ளப்படும்.

ஆதலின் சேமித்தபின் கருவியை ஒருமுறை நிறுத்தி, மீண்டும் இயக்கி, வடிவத்தையும் அமைப்பையும் நினைவகத்திலிருந்து எடுத்து, உரிய சுமையை இணைத்தபடியே அலைநோக்கியில் பார்த்தல் வேண்டும். 100 மில்லிசெகண்டில் 50 ஹெர்ட்ஸின் ஐந்து சுற்றுகள் உள்ளனவா, சேருமிடத்தில் துள்ளல் இல்லையா, உச்சம் கணக்கிட்டபடி உள்ளதா என்று பார்த்து, கண்ட அளவைக் கோப்பின் பெயருடன் பதிவேட்டில் குறித்துக்கொண்ட பின்னரே ஏற்பியை இணைக்கலாம்.