லினக்ஸில் பெருவிளையாட்டு: ஒரு ரயில்வே குமாஸ்தாவின் அனுபவம்

நமது சங்கத்து அன்பர்கள் சிலர் என்னைக் காணும்போதெல்லாம், "உங்கள் வீட்டு லாப்டாப்பில் அவ்வளவு பெரிய விளையாட்டை எப்படி ஏற்றினீர்கள்? எங்கள் வீட்டில் இடமில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறதே!" என்று வினவுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை கூறுவதைவிட நம் பத்திரிகையில் எழுதிவிடுவது நலமென்று தோன்றியது. நான் மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்தி, நாகபுரியில் ரயில்வே சரக்கு ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம் பார்ப்பவன். கம்ப்யூட்டர் சாஸ்திரம் பயின்றவனல்லன். பட்டு அறிந்ததையே எழுதுகிறேன். பட்டதில் ஒரு பகுதி வெட்கத்திற்குரியது. அதையும் மறைக்கப் போவதில்லை.

"ஒரு விளையாட்டுக்காகவா இத்தனை பாடு?" என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்கு வயது பன்னிரண்டு. பள்ளியில் ஆங்கிலம், தெருவில் ஹிந்தியும் மராத்தியும். தமிழ் எங்கள் க்வார்ட்டர்ஸின் இரண்டு அறைகளுக்குள் மட்டுமே. என் தாயார் உயிரோடிருந்த வரையில் தென்காசியிலிருந்து தினந்தோறும் தொலைபேசியில் அவனோடு பேசுவார். 2023இல் அவர் காலமான பின், ஊருக்கும் அவனுக்கும் இருந்த பேச்சு வருஷத்துக்கு ஒரு லீவு என்று சுருங்கிவிட்டது. என் தமையனார் மகன் பதினைந்து வயதுப் பையன். அவன்தான், "தம்பியும் நானும் சனிக்கிழமைதோறும் சேர்ந்து கார் ஓட்டுகிறோம், சித்தப்பா" என்று ஒரு வழி சொன்னான். 'ஃபோர்ஸா ஹொரைசன் 5' என்று 2021இல் வெளியான பந்தய விளையாட்டு அது. மெக்ஸிகோ தேசத்துச் சாலைகளில் இருவரும் இணைந்து கார் ஓட்டலாம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசவும் பேசலாம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த என் மகன் "ஏலே, அங்கன நில்லு" என்று கூவியதைக் கேட்ட மாத்திரத்தில், அவ்விளையாட்டை எப்பாடுபட்டேனும் நிலைக்கச் செய்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் லாப்டாப் ஏழாம் தலைமுறை இன்டெல் பிராஸஸர் உடையது. தனி கிராஃபிக்ஸ் கார்டும் உண்டு. மைத்துனர் உபயோகித்து விட்டுக் கொடுத்தது. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோஸாஃப்ட் அளித்து வந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 இத்தகைய பழைய பிராஸஸரை ஏற்பதில்லை. ஓடுகிற யந்திரத்தைக் கழித்துப் போட மனமில்லாமல் லினக்ஸ் மின்ட்டை ஏற்றினேன். லினக்ஸ் என்பது 1991இல் ஹெல்ஸிங்கி சர்வகலாசாலை மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. காசு கொடுக்க வேண்டியதில்லை. விண்டோஸுக்கென எழுதப்பட்ட விளையாட்டுகள் இதில் ஓடுமா என்ற ஐயம் வேண்டாம். 1993 முதல் வளர்ந்து வரும் 'ஒயின்' என்ற மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு, ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தார் 2018இல் 'புரோட்டான்' என்ற மொழிபெயர்ப்பாளரை வெளியிட்டார்கள். விளையாட்டு விண்டோஸ் பாஷையில் கேட்பதை லினக்ஸ் பாஷையில் எடுத்துரைப்பது அதன் வேலை. எல்லா விளையாட்டும் இணங்கிவிடுவதில்லை. ஏமாற்றுத் தடுப்புக் காவலை மிக ஆழமாக வைத்திருக்கும் வேலரண்ட் போன்றவை லினக்ஸில் அறவே ஓடா. வாங்குமுன் விசாரித்துக்கொள்வது உத்தமம்.

நிற்க. விளையாட்டின் பருமன் 110 ஜிபி. எங்கள் லாப்டாப்பின் உள் டிஸ்க்கோ 256 ஜிபி. அதில் பாதி முன்பே நிறைந்திருந்தது. ஆகவே 1 டிபி அளவுள்ள எக்ஸ்டர்னல் எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கினேன். சுழலும் தட்டுள்ள ஹார்ட் டிஸ்க் விலை மலிவுதான். ஆனால் இக்காலத்துப் பெருவிளையாட்டுகள் ஓடும்போதே காட்சிகளை டிஸ்க்கிலிருந்து இழுத்துக்கொண்டே இருப்பதால் அதில் திக்கித் திணறும். செருகும் துளையையும் கவனிக்க வேண்டும். பழைய யு.எஸ்.பி. 2 துளையின் உச்ச வேகம் விநாடிக்கு 480 மெகாபிட், யு.எஸ்.பி. 3 துளையில் 5000. பெரும்பாலும் உட்புறம் நீல நிறமாயிருப்பது பின்னது.

இங்கேதான் முதற் பிழை. ஆபீஸில் விண்டோஸ், வீட்டில் லினக்ஸ். இரண்டிலும் படிக்கட்டுமே என்று புது டிஸ்க்கை விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். முறையில் அமைத்தேன். ஸ்டீம் மறுப்பேதும் சொல்லவில்லை. எங்கள் இணைப்பு விநாடிக்கு 40 மெகாபிட். 110 ஜிபி இறங்க ஆறு மணி நேரத்திற்கு மேலாயிற்று. விடியற்காலையில் பையன் ஆவலோடு பொத்தானை அழுத்தினான். 'ஓடுகிறது' என்று ஒரு கணம் காட்டிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. திட்டு வாங்கினாலாவது காரணம் தெரியும். இந்த மௌனந்தான் மனிதனைக் கொல்வது.

காரணத்தைப் பிற்பாடு அறிந்தேன். புரோட்டான் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு போலி விண்டோஸ் வீட்டைக் கட்டுகிறது. அவ்வீடு விளையாட்டு இருக்கும் அதே டிஸ்க்கில்தான் அமைகிறது. அதனுள்ளே, 'சி' என்ற எழுத்தோடு முக்காற்புள்ளி சேர்ந்த பெயருள்ள சுட்டிகளை அது உண்டாக்கும். விண்டோஸ் முறையில் கோப்பின் பெயரில் முக்காற்புள்ளிக்கு இடமே கிடையாது. லினக்ஸ் கேட்கும் உரிமைக் குறிப்புகளும் அங்கே சரிவரப் பொருந்துவதில்லை. எக்ஸ்ஃபேட் முறையில் சுட்டிகள் என்பவையே இல்லை. ஃபேட்32 என்றாலோ 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பையும் வைக்க முடியாது. நம் தொழில் பாஷையில் சொன்னால் இது கேஜ் வித்தியாசம். செங்கோட்டை மலைப்பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்தில், அகலப் பாதை வண்டியை அதில் யாரும் ஏற்ற நினைத்ததில்லை. இரண்டும் ரயில்தான், இரண்டும் இரும்புதான். ஆனால் சக்கரம் தண்டவாளத்தில் உட்காராது. லினக்ஸில் விளையாட்டு ஓட வேண்டுமாயின் டிஸ்க் லினக்ஸுக்கே உரிய இ.எக்ஸ்.டி.4 போன்ற முறையில் இருத்தல் நலம்.

முறையை மாற்றினால் டிஸ்க்கில் உள்ளது யாவும் அழியும். ஆறு மணி நேரம் இறக்கியதை வீணாக்க மனமில்லை. எங்களிடம் பழைய எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று இருந்தது. அதே கம்பெனி, அதே கறுப்பு நிறம், அதே 1 டிபி. விளையாட்டுக் கோப்புகளைத் தற்காலிகமாக அதில் நகலெடுத்தேன். நகல் முடிந்ததும், இரண்டு டிஸ்க்குகளும் செருகியிருக்கையிலேயே, 'டிஸ்க்ஸ்' என்ற செயலியைத் திறந்து அமைப்பை மாற்ற உத்தரவிட்டேன். 'இதிலுள்ளவை யாவும் அழியும், சம்மதமா?' என்று அது கேட்டது. சம்மதம் என்றேன். நாலைந்து விநாடிகளில் முடிந்துவிட்டது. மூலைப் பெயரைப் படித்தபோதுதான் தெரிந்தது, நான் அழித்தது பழைய டிஸ்க்கை.

அதில்தான் எங்கள் கல்யாணப் படங்களிலிருந்து குடும்பத்துப் படங்கள் எல்லாம் இருந்தன. என் தாயார் பேரனுக்கென்று பேசி அனுப்பிய குரல் பதிவுகள் பதினொன்றும் அதில்தான். வேறெங்கும் பிரதி இல்லை. வெந்நீர் கொண்டு வந்த என் மனைவி என் முகத்தைப் பார்த்து, "என்ன ஆயிற்று?" என்றாள். சொன்னேன். அவள் பதில் பேசாமல் டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பையன் மட்டும், "ஆச்சி பேசினது போயிட்டுதா அப்பா?" என்று கேட்டான்.

அச்சமயம் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், அந்த டிஸ்க்கை உடனே பிடுங்கி வைத்ததுதான். விரைவு முறையில் அமைப்பை மாற்றும்போது பழைய தரவுகள் முழுவதும் துடைக்கப்படுவதில்லை. அட்டவணை போய்விடுகிறது, சரக்கு பெரும்பாலும் அங்கேயே கிடக்கிறது. மேலே புதிதாக எதையும் எழுதாதவரை மீட்க வழியுண்டு. 'ஃபோட்டோரெக்' என்ற இலவச மென்பொருள், கோப்புகளின் தலைப்பகுதியிலுள்ள அடையாளத்தைக் கொண்டு ஒவ்வொன்றாய்த் தோண்டி எடுக்கும். எடுத்ததை அதே டிஸ்க்கில் வைக்கலாகாது. வேறொன்றில்தான் வைக்க வேண்டும். ஓர் இரவும் ஒரு பகலும் அது தோண்டிற்று. படங்கள் பெரும்பாலும் கிடைத்தன. ஆனால் பெயர்கள் போய்விட்டன, எல்லாம் வெறும் இலக்கங்கள். குரல் பதிவுகள் பதினொன்றில் ஏழு கிடைத்தன.

அவற்றை லாப்டாப்பின் உள் டிஸ்க்கில் ஒன்றும், 128 ஜிபி பென்டிரைவில் ஒன்றுமாக இரு பிரதி வைத்த பிறகே புது டிஸ்க்கைத் தொட்டேன். இம்முறை செய்த விதத்தைச் சொல்கிறேன். இதையே அன்பர்களும் பின்பற்றலாம்.

அமைக்க வேண்டிய டிஸ்க்கைத் தவிர மற்றெல்லா எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளையும் கழற்றிவிடுங்கள். லினக்ஸ், டிஸ்க்குகளுக்கு 'எஸ்.டி.பி.', 'எஸ்.டி.சி.' என்று பெயரிடுவது கண்டுபிடிக்கும் வரிசையைப் பொறுத்தது. அது பிளாட்பாரம் நம்பர் போன்றது. இன்று இரண்டில் நிற்கிற வண்டி நாளை மூன்றில் நிற்கும். வாகன் நம்பரைப் போல மாறாதது டிஸ்க்கின் சீரியல் நம்பர். அதைப் படித்து, உறையின்மேல் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பின்பு 'டிஸ்க்ஸ்' செயலியில் புதிய பகுதி ஒன்றை இ.எக்ஸ்.டி.4 முறையில் உண்டாக்கி, இடைவெளியற்ற ஒரே சொல்லாகப் பெயர் சூட்டுங்கள். கறுப்புத் திரையில் கட்டளை எழுதி அமைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவ்வாறு அமைத்த டிஸ்க் 'ரூட்' என்னும் அதிகாரிக்கே சொந்தமாயிருக்கும், உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றினாலன்றி ஸ்டீம் அதில் எழுத இயலாது.

அடுத்து, அதே செயலியில் 'மவுண்ட்' விருப்பங்களைத் திறந்து, டிஸ்க்குக்கு நிலையான ஓர் இடத்தைக் குறித்துவிடுங்கள். அவ்வரியில் 'நோஃபெயில்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். இல்லையேல், டிஸ்க் செருகாத நாளில் கம்ப்யூட்டர் அதற்காகக் காத்துக்கொண்டு துவங்காமலே நிற்கும். இவை முடிந்த பின், ஸ்டீமின் அமைப்புகளில் 'ஸ்டோரேஜ்' பகுதிக்குச் சென்று புது டிஸ்க்கைச் சேர்த்தால் போதும். உள் டிஸ்க்கில் முன்பே இருக்கும் விளையாட்டுகளையும் அங்கிருந்தே இதற்கு மாற்றலாம். ஸ்டீமை ஃப்ளாட்பாக் வடிவில் நிறுவியவர்களுக்கு டிஸ்க் கண்ணிலேயே படாது. அது வேலிக்குள் இருக்கிறது. 'ஃப்ளாட்சீல்' என்ற செயலியால் அந்த இடத்திற்கு அனுமதி தர வேண்டும்.

இன்னும் ஒன்று, பையன்கள் பலர் தவறுவது இதில்தான். டிஸ்க்கைச் செருகாமல் ஸ்டீமைத் திறந்தால் விளையாட்டு இல்லாதது போல் 'இன்ஸ்டால்' என்ற பொத்தான் தோன்றும். பதறி அதை அழுத்தினால் 110 ஜிபியும் மறுபடி உள் டிஸ்க்கில் இறங்கத் தொடங்கும். ஸ்டீமை மூடி, டிஸ்க்கைச் செருகி, மீண்டும் திறந்தால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். கழற்றும்போதும் முறையாக 'இஜெக்ட்' செய்து, விளக்கு அடங்கிய பின்னரே கழற்ற வேண்டும். எழுத வேண்டியதில் ஒரு பகுதியை லினக்ஸ் நினைவிலேயே வைத்திருந்து தாமதமாக எழுதும் வழக்கமுடையது.

டிஸ்க்கில் இடம் குறைவாகத் தெரிகிறதே என்று வியப்பவர்களுக்கு: இ.எக்ஸ்.டி.4 முறையில் நூற்றுக்கு ஐந்து பங்கு அந்த 'ரூட்' அதிகாரிக்கென ஒதுக்கப்படும். 1 டிபியில் அது ஏறக்குறைய 50 ஜிபி. கணினியின் சொந்த டிஸ்க்குக்கு அது தேவை. விளையாட்டு மட்டும் வைக்கும் டிஸ்க்குக்குத் தேவையில்லை. எமர்ஜென்ஸி கோட்டா போன்ற இந்த ஒதுக்கீட்டை 'ட்யூன்2எஃப்.எஸ்.' என்ற கட்டளையால் நீக்கிக்கொள்ளலாம். நான் நீக்கிக்கொண்டேன்.

இப்பொழுது சனிக்கிழமை இரவுகளில் கூடத்தின் ஒரு மூலையில் பையன் ஹெட்போனோடு உட்கார்ந்து அண்ணனோடு கார் ஓட்டுகிறான். மற்றொரு மூலையில் நானும் என் மனைவியும், மீண்ட படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பெயரிட்டு வருகிறோம். நாலாயிரத்துச் சொச்சம் படங்களில் அறுநூறு முடிந்திருக்கின்றன. சென்ற வாரம் ஒன்றுக்கு 'ஆச்சி வீட்டு முற்றம்' என்று எழுதப் போனேன். பந்தயத்தை நிறுத்தாமலே பையன் திரும்பிப் பார்த்து, "அது முற்றம் இல்ல அப்பா, பெரியப்பா வீட்டு மாடி, அண்ணன் சொல்லுதான்" என்றான். ஹெட்போன் வழியே தென்காசியிலிருந்தும் ஏதோ சத்தம் கேட்டது. மாற்றி எழுதினேன்.